கருப்புச் சிலிக்கானும் மருத்துவப் படிமமும்: ஓர் ஆய்வுப் பட்டியலை எப்படி வாசிப்பது?

கேள்வி இது: "ஒரு விஞ்ஞானியின் ஆய்வுப் பட்டியலில் ஒரு பக்கம் லேசரால் பதப்படுத்திய சிலிக்கான், மறுபக்கம் மருத்துவப் படிமக் கருவிகள் என்று இருக்கிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு? ஒரு வாட்டுக்கு 100 ஆம்பியர், 90 விழுக்காடு உறிஞ்சல் என்று எண்கள் வருகின்றன. அவற்றை எப்படி மதிப்பிடுவது?"

தொடர்பு உண்மையானது. ஆனால் அது எந்த அலைநீளத்தில் என்று கேட்காத வரை பிடிபடாது. சிலிக்கானைக் கருப்பாக்குவது, அதாவது அதன் பரப்பை நுண்ணிய கூர்முனைகளால் கரடாக்கி ஒளி திரும்பாமல் செய்வது, ஓர் அலைநீளத்தில் பெரிய உதவி, இன்னொன்றில் சிறிய உதவி, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. இத்துறையின் கட்டுரைகளையும் காப்புரிமைகளையும் அறிமுகக் குறிப்புகளையும் வாசிக்கும்போது இந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். பொதுவாகப் பேசுவதைவிட ஓர் உண்மையான ஆய்வு வரலாற்றை வைத்தே சொல்கிறேன். ஹார்வர்டில் எரிக் மஸூரின் ஆய்வகத்தில் தொடங்கி, அவருடைய மாணவர் ஜேம்ஸ் கேரி வழியாக சையோனிக்ஸ் என்ற நிறுவனம் வரை போன வரலாறு அது.

முதல் கட்டுரை 1998-இல் 'அப்ளைடு ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் வந்தது. முதல் ஆசிரியர் ட்ஸிங்-ஹுவா ஹெர். சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு அல்லது குளோரின் வாயுவில், 500 டோர் அழுத்தத்தில், 100 ஃபெம்டோவினாடி நீளமுள்ள 500 லேசர் துடிப்புகளைச் சிலிக்கான் மீது செலுத்தினால், 40 மைக்ரான் உயரம் வரை கூர்மையான கூம்புகள் வரிசையாக எழுகின்றன என்று அது சொன்னது. வெற்றிடத்திலோ நைட்ரஜனிலோ ஹீலியத்திலோ அதே லேசர் கூர்முனை தருவதில்லை. அதாவது லேசர் தனியாக இதைச் செய்யவில்லை. வாயுவும் வினையில் இருக்கிறது. இந்தச் சிறு குறிப்பில்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை இருக்கிறது.

2001-இல் வூவும் கூட்டாளிகளும் இந்தப் பரப்பு 250 நானோமீட்டரிலிருந்து 2500 நானோமீட்டர் வரை ஏறக்குறைய 90 விழுக்காடு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டினார்கள். இது ஏன் அதிர்ச்சி என்றால், சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, அதாவது ஓர் எலக்ட்ரானை விடுவிக்க ஒளித்துகளுக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 1.12 எலக்ட்ரான்-வோல்ட். எலக்ட்ரான்-வோல்ட்டை அலைநீளமாக மாற்றும் எண் 1240. அதை 1.12-ஆல் வகுத்தால் 1107 நானோமீட்டர் வரும். அதைத் தாண்டிய ஒளிக்குச் சிலிக்கான் கண்ணாடி மாதிரி. உள்ளே போய் மறுபக்கம் வந்துவிடும். கூம்பு வடிவம் எவ்வளவுதான் ஒளியை அங்கும் இங்கும் தட்டி அலைக்கழித்தாலும், பொருள் உறிஞ்சாத ஒளியை வடிவம் மட்டும் உறிஞ்ச வைக்க முடியாது. எனவே பொருளே மாறியிருக்க வேண்டும்.

மாறித்தான் இருந்தது. துடிப்பு விழும் நொடியில் மேற்பரப்பு உருகி, மிக வேகமாக மீண்டும் உறைகிறது. அந்த இடைவெளிக்குள் வாயுவிலிருந்து கந்தக அணுக்கள் உருகிய சிலிக்கானுக்குள் புகுந்து, வெளியேற நேரம் கிடைக்காமல் சிக்கிக்கொள்கின்றன. மெதுவாக ஆறவிட்டால் சிலிக்கான் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10-இன் 16-ஆம் அடுக்கு அளவு கந்தக அணுக்களைத்தான் தாங்கும். இங்கே மேலடுக்கில் ஏறக்குறைய அரை விழுக்காடு கந்தகம் இருந்தது. சமநிலை அளவைவிடப் பல ஆயிரம் மடங்கு. இவ்வளவு அணுக்கள் நெருக்கமாக இருக்கும்போது ஆற்றல் இடைவெளிக்குள்ளேயே புதிய நிலைகள் உண்டாகி, குறைந்த ஆற்றல் ஒளியையும் உறிஞ்சுகின்றன. இதை மிகைமாசேற்றம் என்று சொல்லலாம்.

ஆகவே 'கருப்புச் சிலிக்கான்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: ஒளியைச் சிக்கவைக்கும் வடிவம், ஆற்றல் இடைவெளியை ஏமாற்றும் கந்தகம். ஒரு கட்டுரை எதைப் பயன்படுத்துகிறது என்று முதல் பக்கத்திலேயே கண்டுபிடியுங்கள். 1995-இல் நெதர்லாந்தின் ட்வென்டே குழு விவரித்த, பிளாஸ்மா அரிப்பால் செய்யும் கருப்புச் சிலிக்கானில் வடிவம் மட்டும்தான் உண்டு. 1107 நானோமீட்டருக்கு அப்பால் அதனால் பயன் இல்லை. லேசர் வகையில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. நல்லதும் கெட்டதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

செய்முறையைத் தெரிந்துகொண்டால்தான் கட்டுரைகளின் எண்களுக்கு உயிர் வரும். டைட்டானியம்-சஃபையர் லேசர், பெருக்கியுடன், 800 நானோமீட்டர், 100 ஃபெம்டோவினாடி, நொடிக்கு 1000 துடிப்பு. வேஃபரை, அதாவது வட்டமான சிலிக்கான் தகட்டை, கரைப்பான்களில் கழுவி உலர்த்தி, கண்ணாடி ஜன்னல் வைத்த வெற்றிடக் கலத்தில் பொருத்துகிறார்கள். காற்றை நன்றாக இழுத்துவிட்டு, சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடை 500 டோர் வரை, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, நிரப்புகிறார்கள். ஒளி உணரிகளுக்கு 1998-இல் பயன்படுத்திய கொடூரமான ஆற்றல் தேவையில்லை. சதுர மீட்டருக்கு 4 முதல் 8 கிலோஜூல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.4 முதல் 0.8 ஜூல் போதும். கூம்புகள் சில மைக்ரான் உயரத்தோடு நின்றுவிடும். சாதனம் செய்ய அதுவே வசதி. 40 மைக்ரான் ஊசிகள் மீது உலோகத் தொடர்புக் கோடுகளை ஒழுங்காகப் படியவைக்க முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். லேசர் புள்ளியின் விட்டம் 150 மைக்ரான் என்றால், 0.4 ஜூலுக்குத் துடிப்பொன்றுக்கு ஏறக்குறைய 70 மைக்ரோஜூல் வேண்டும். மேடையை நொடிக்கு 1.5 மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒரு கோட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் 100 துடிப்பு விழும். அடுத்த கோட்டை 75 மைக்ரான் தள்ளி வைத்தால் மொத்தம் 200. இந்த வேகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரை முடிக்க ஏறக்குறைய 15 நிமிடம். ஆறு அங்குல வேஃபர் முழுவதையும் செய்ய 43 மணி நேரத்துக்கு மேல்! ஆய்வகத்தில் சிறு சில்லுக்கு இது பொருட்டல்ல. தொழிற்சாலைக்கு இது முட்டுக்கட்டை. துடிப்பு வேகம் கூடிய லேசர்களும், தேவையான இடத்தை மட்டும் பதப்படுத்தும் முறைகளும் வந்ததற்குக் காரணம் புரிகிறதல்லவா?

ஆற்றலடர்த்தி எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. காஸ் வடிவக் கற்றையில் நடுவில் உள்ள உச்ச அடர்த்தி சராசரியைப் போல இரு மடங்கு. ஒரு குழு சராசரியைச் சொல்லும், இன்னொரு குழு உச்சத்தைச் சொல்லும். எது என்று பார்க்காமல் ஒன்றின் செய்முறையை மற்றதில் பின்பற்றினால் கூம்புக்குப் பதில் சிற்றலைக் கோடுகளோ, வெறும் குழியோதான் கிடைக்கும். கற்றையின் ஓரத்தில் அடர்த்தி குறைவதால் புள்ளியின் விளிம்பில் எப்போதும் இந்தச் சிற்றலைகள் உண்டு. கோடுகளை நெருக்கமாக மேற்படிய வைப்பது இதற்காகத்தான்.

வாயுவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு தானாக நச்சு அல்ல. ஆனால் லேசர் அதை உடைக்கும்போது வரும் துணைப்பொருள்கள் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு தரும். கலத்தைத் திறக்கும் முன் பலமுறை நைட்ரஜனால் அலசி, வெளியேறும் வாயுவைக் காரக் கழுவி வழியே அனுப்ப வேண்டும். அந்த வாயுவே மிகக் கடுமையான பசுங்குடில் வாயு. அப்படியே வெளியே விடக்கூடாது.

லேசர் வேலை முடிந்ததும் கிடைப்பது இன்னும் உணரி அல்ல. மேலே ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமனில் ஒழுங்கற்ற, நானோ படிகங்கள் நிறைந்த அடுக்கு. உடைந்த பிணைப்புகள் ஏராளம். ஒளியால் உண்டான எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடம்) வெளியே வருவதற்குள் அங்கேயே சேர்ந்து அழிந்துவிடும். அதனால் அனீலிங், அதாவது சூடாக்கிப் படிகத்தைச் சீராக்குவது, அவசியம். கேரி குழுவின் நல்ல டையோடுகள் (ஒளியை மின்னோட்டமாக்கும் உணரிகள்) மின்தடை மிகுந்த என்-வகைச் சிலிக்கானில், குறைந்த ஆற்றலடர்த்தியில் செய்து, 825 கெல்வினில் 30 நிமிடம் சூடாக்கியவை. பிறகு குரோமியம்-தங்கம் ஆவியாக்கி மேலே விரல் வடிவக் கோடுகள், கீழே முழுத் தொடர்பு.

சூடாக்கும்போது ஒன்றைப் பெற்று ஒன்றை இழக்கிறோம். படிகம் சீராகும், டையோடு ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் குணத்தைப் பெறும். அதே நேரம், கந்தகம் தன் வினோதமான இடங்களை விட்டு நகரத் தொடங்கி, 1107 நானோமீட்டருக்கு அப்பாலான உறிஞ்சல் சரியும். வெப்பநிலை, நேரம் இரண்டும் சொல்லாமல் அகச்சிவப்பு உறிஞ்சலை மட்டும் காட்டும் வரைபடம் பயன்படாது: அது அனீலிங்குக்கு முன் எடுத்த அளவாக இருக்கலாம், டையோடு அளவோ பின்னால் எடுத்ததாக இருக்கலாம். இரண்டும் ஒரே மாதிரியில் எடுத்தவையா என்று பாருங்கள்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற எண். 2005-இல் கேரி, க்ரவுச், ஷென், மஸூர் நால்வரும் 'ஆப்டிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் எழுதியது: அறை வெப்பநிலையில், 1064 நானோமீட்டரில், விழும் ஒளியின் ஒரு வாட்டுக்கு 100 ஆம்பியர் மின்னோட்டம் வரை. இதுதான் உணர்திறன் எண். சாதாரணச் சிலிக்கான் டையோடைவிட இரண்டு பத்தடுக்கு மேல். 1330 நானோமீட்டரில் வாட்டுக்கு 50 மில்லிஆம்பியர், 1550-இல் 35 மில்லிஆம்பியர்.

ஒவ்வொரு ஒளித்துகளும் ஒரே ஒரு எலக்ட்ரானைத் தந்தால் எவ்வளவு வரும்? அலைநீளத்தை 1240-ஆல் வகுங்கள். 1064-க்கு 0.86 ஆம்பியர். அதற்கு மேல் எது வந்தாலும் அது உறிஞ்சல் நன்றாக இருப்பதால் அல்ல, பெருக்கத்தால். 100 என்றால் பெருக்கம் ஏறக்குறைய 117 மடங்கு. நூற்றுக்கணக்கான வோல்ட் கேட்கும் பனிச்சரிவு டையோடுகளோடு ஒப்பிட்டால், குறைந்த மின்னழுத்தத்தில் இந்தப் பெருக்கம் வந்ததுதான் உண்மையில் பெரிய செய்தி. அதே கணக்கை 1550-க்குப் போடுங்கள்: அதிகபட்சம் 1.25 ஆம்பியர், கிடைத்ததோ 0.035. அதாவது 3 விழுக்காட்டுக்கும் கீழே. 90 விழுக்காடு ஒளியை விழுங்கும் பரப்பு, அதில் 3 விழுக்காட்டைக்கூட மின்னோட்டமாகத் திருப்பித் தரவில்லை. அந்த அலைநீளத்துக்கென்றே உள்ள இண்டியம் காலியம் ஆர்சனைடு டையோடு ஏறக்குறைய 1 ஆம்பியர் தரும். உறிஞ்சல் வேறு, குறிகை வேறு. கட்டுரையில் உறிஞ்சல் வரைபடம் மட்டும் இருந்து டையோடு வரைபடம் இல்லாவிட்டால், மருத்துவப் பயன்பாடு பற்றிய கடைசிப் பத்தியை விருப்பமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெருக்கத்தையும் அப்படியே கொண்டாட முடியாது. ஒளி இல்லாதபோது ஓடும் மின்னோட்டமும் அதே பெருக்கத்தின் வழியாகத்தான் வருகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: பெருக்கம் 117, இருள் மின்னோட்டம் 1 மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 1 ஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் இரைச்சல் ஏறக்குறைய 6 பிக்கோஆம்பியர். அதை 100-ஆல் வகுத்தால், கண்டறியக்கூடிய குறைந்தபட்ச ஒளி 60 ஃபெம்டோவாட். பெருக்கமே இல்லாத, வாட்டுக்கு 0.6 ஆம்பியர் தரும், 1 நானோஆம்பியர் இருள் மின்னோட்டம் கொண்ட சாதாரண டையோடுக்கு அதே கணக்கு 30 ஃபெம்டோவாட் தரும். 160 மடங்கு பெரிய எண்ணைக் காட்டும் கருவி, மங்கலான ஒளியைப் பார்ப்பதில் பாதித் திறனோடு நிற்கிறது. இருள் மின்னோட்டத்தை 100 மடங்கு குறைத்தால் நிலைமை தலைகீழாகிவிடும். அதனால்தான் இத்துறையின் உண்மையான உழைப்பெல்லாம் லேசரில் அல்ல, அதற்குப் பிறகான சுத்திகரிப்பிலும் மேற்பூச்சிலும் போகிறது.

படிமச் சில்லில் இது இன்னும் கடுமை. 5 மைக்ரான் பிக்சல், நொடிக்கு 30 படம். சதுர சென்டிமீட்டருக்கு 1 நானோஆம்பியர் இருள் மின்னோட்டம் என்றால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 52 எலக்ட்ரான்கள் தேவையில்லாமல் சேரும், சமாளிக்கலாம். 1 மைக்ரோஆம்பியர் என்றால் 52,000. பல பிக்சல்களின் முழுக் கொள்ளளவே அதைவிடக் குறைவு. படம் எடுக்கும் முன்பே பிக்சல் நிரம்பிவிடும்.

இனி மருத்துவம். முதலில் ஒரு பரவலான தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும்: கருப்புச் சிலிக்கான் எக்ஸ்-கதிரை அதிகம் உறிஞ்சாது. 60 கிலோ-எலக்ட்ரான்-வோல்ட் எக்ஸ்-கதிருக்கு அரை மில்லிமீட்டர் சிலிக்கான் 4 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் தடை போடும். மேற்பரப்பில் சில மைக்ரான் கூம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கதிருக்குத் தெரியாது. சிலிக்கானை நேரடியாக எக்ஸ்-கதிருக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதை விளிம்புப் பக்கமாக நிறுத்தி, கதிர் பல சென்டிமீட்டர் நீளம் கடந்து போகும்படி செய்ய வேண்டும். ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த பிரிஸ்மாடிக் சென்சார்ஸ் அதைத்தான் செய்தது. 2020-இல் ஜிஇ ஹெல்த்கேர் அதை வாங்குவதாக அறிவித்தது. அது வேறு துறை. இரண்டையும் 'சிலிக்கான் எக்ஸ்-கதிர் உணரி' என்ற ஒரே தலைப்பில் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெரும்பாலான தட்டை எக்ஸ்-கதிர்ப் பலகைகளில் முதலில் ஒரு ஒளிர்பொருள் எக்ஸ்-கதிரைப் பச்சை ஒளியாக மாற்றும். பிறகு சிலிக்கான் அந்த ஒளியைப் பார்க்கும். தாலியம் சேர்த்த சீசியம் அயோடைடின் ஒளி 550 நானோமீட்டரை ஒட்டி உச்சம் கொள்ளும். அந்த அலைநீளத்தில் சாதாரணப் படிகச் சிலிக்கான் ஏறக்குறைய 1.5 மைக்ரானுக்குள்ளேயே ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. கருப்பாக்குவதால் கிடைப்பது பிரதிபலிப்பைக் குறைப்பது மட்டுமே. வெற்றுச் சிலிக்கான் முப்பது விழுக்காட்டுக்கு மேல் பிரதிபலிக்கும் என்பதால் அது கொஞ்சம் பெரியதாகத் தோன்றும். ஆனால் கால் அலைநீள நைட்ரைடுப் பூச்சு ஒன்றே அதில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடும்.

"உணர்திறன் கூடினால் நோயாளிக்குக் கதிரளவைக் குறைக்கலாமே?" என்ற வாதம் இந்தத் துறைக் குறிப்புகளில் அடிக்கடி வரும். பாதி உண்மை. ஒரு 60 கிலோ-எலக்ட்ரான்-வோல்ட் கதிர்த்துகள் சீசியம் அயோடைடில் 3,000-க்கு மேல் ஒளித்துகள்களை உண்டாக்கும். அதில் பாதி டையோடுக்கு வந்தாலும் ஆயிரத்துக்கு மேல் குறிகை எலக்ட்ரான்கள். அதை 20 விழுக்காடு கூட்டுவதால் படத்தின் இரைச்சல் பெரிதாகக் குறையாது; ஏனென்றால் இரைச்சலை நிர்ணயிப்பது பிக்சலுக்கு எத்தனை எக்ஸ்-கதிர்த்துகள் வந்து நின்றன என்பதே. அதைக் கூட்ட ஒளிர்பொருளின் தடிமனும் தரமும் வேண்டும், டையோடின் கருமை அல்ல. மின்னணு இரைச்சல் எக்ஸ்-கதிர் இரைச்சலோடு போட்டியிடும் இடத்தில்தான் டையோடின் மேம்பாடு பயன்தரும்: பிக்சலுக்கு ஒருசில கதிர்த்துகள் மட்டுமே வரும் ஃபுளோரோஸ்கோப்பி போன்ற தொடர் படமெடுப்பில். அங்கே குறைந்த இரைச்சலுள்ள பெருக்கம் தங்கத்துக்குச் சமம். ஆகவே கதிரளவு குறையும் என்ற கூற்று, எந்த வகைப் பரிசோதனைக்கு, பிக்சலுக்கு எவ்வளவு கதிர் நிலையில் என்று சொல்கிறதா என்று பாருங்கள்.

உடலுக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருளின் காமாக் கதிரைப் படமாக்கும் பெட் (PET) ஸ்கேனருக்கு இந்தப் பெருக்க வகை டையோடு பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே 511 கிலோ-எலக்ட்ரான்-வோல்ட் காமாக் கதிர், லூட்டேசியம் சார்ந்த படிகத்தில் 420 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியைத் தரும். அதன் தணிவு நேரம் ஏறக்குறைய 40 நானோவினாடி. இரு எதிர்ப்புற உணரிகளுக்கு இடையிலான நேர வேறுபாட்டைச் சில நூறு பிக்கோவினாடித் துல்லியத்தில் அறிய வேண்டும். மிகைமாசேற்ற டையோடின் பெருக்கம், ஒரு வகை மின்னூட்டம் பொறியில் சிக்கி நிற்க, மற்றது பலமுறை சுற்றி வருவதால் உண்டாவது என்ற விளக்கத்தை ஏற்றால், பெருக்கம் கூடக்கூட வேகம் குறைவது தவிர்க்க முடியாதது. நீல ஒளி வேறு ஏறக்குறைய ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள், சரியாக அந்தச் சேதமடைந்த அடுக்கில், உறிஞ்சப்படும். ஒற்றை ஒளித்துகளைக்கூட வேகமாகப் பெருக்கிக் காட்டும் சிலிக்கான் ஃபோட்டோமல்ட்டிப்ளையர்களே அங்கே ஆட்சி செய்கின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது.

கருப்புச் சிலிக்கான் உண்மையாகவே கைகொடுக்கும் மருத்துவப் பகுதி, அண்மை அகச்சிவப்பு. ரத்தமும் நீரும் ஒளியை ஓரளவு வழிவிடும் 650 முதல் 950 நானோமீட்டர் சாளரம். பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் இரண்டாவது ஒளி 940. அறுவைச் சிகிச்சையில் ரத்த ஓட்டத்தையும் நிணநீர்ப் பாதையையும் காட்டும் இண்டோசயனின் பச்சைச் சாயம் 800-ஐ ஒட்டி ஒளியை வாங்கி 830-ஐ ஒட்டி உமிழும். விழித்திரையின் அடுக்குகளைப் பார்க்கும் ஓசிடி கருவி 840-இலும், இன்னும் ஆழம் வேண்டுமென்றால் 1050-இலும் இயங்கும்.

இங்கே சிலிக்கானின் சிக்கல் ஆழம். 850 நானோமீட்டர் ஒளியின் உறிஞ்சல் ஆழம் ஏறக்குறைய 18 மைக்ரான். 940-க்கு 50 மைக்ரானுக்கு மேல். 1064-க்கு ஒரு மில்லிமீட்டர் அளவு. கேமராக்களில் இருக்கும் சிமாஸ் (CMOS) படச் சில்லின் செயல்படும் அடுக்கோ சில மைக்ரான்தான். 5 மைக்ரான் அடுக்கில் 940 நானோமீட்டர் ஒளி 9 விழுக்காடுதான் பிடிபடும். மீதி வீண். இப்போது மேற்பரப்பைக் கரடாக்கி, ஒளியைச் சாய்வாக உள்ளே தள்ளி, முழு அகப்பிரதிபலிப்பால் அங்கேயே அலையவிட்டால், கோட்பாட்டளவில் பாதை 50 மடங்கு வரை நீளலாம். நடைமுறையில் 20 மடங்கு கிடைத்தால்கூட 9 விழுக்காடு 84 ஆகும். இதற்குக் கந்தகம் தேவையே இல்லை. வடிவம் போதும்.

ஆனால் சாய்வாகப் போகும் ஒளி பக்கத்துப் பிக்சலுக்கும் போகும். உணர்திறன் ஏறிய அதே படத்தில் கூர்மை இறங்கும். நுண்ணிய ரத்தக் குழாயின் விளிம்பு கலங்கும். அதற்குப் பிக்சல்களுக்கிடையே ஆழமான அகழி வெட்டி, ஒளிவிலகல் எண் குறைந்த ஆக்சைடால் நிரப்ப வேண்டும். 2017-இல் ஆம்னிவிஷன் தன் நிக்ஸெல் நுட்பத்திலும், சோனி தன் தலைகீழ்ப் பிரமிடு அமைப்பிலும் இந்த இரண்டையும் சேர்த்தே செய்தன: கரடான பரப்பு, கூடவே அகழி. இரண்டிலும் மிகைமாசேற்றம் இல்லை. கருப்புச் சிலிக்கான் ஆராய்ச்சியின் வடிவப் பாதியைத்தான் படச்சில்லுத் தொழில் பரவலாக எடுத்துக்கொண்டது. கந்தகப் பாதி இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்தில் இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். ஓர் ஆய்வாளரின் பட்டியலில் கூர்மைச் சார்பு, அதாவது எம்டிஎஃப் வளைகோடு, உணர்திறன் வளைகோட்டோடு சேர்ந்தே வந்திருந்தால், அவர் படிமக் கருவியை அறிந்து வேலை செய்திருக்கிறார் என்று நம்பலாம்.

வடிவப் பாதியின் மிகச் சுத்தமான முடிவு பின்லாந்திலிருந்து வந்தது. ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஹெலே சாவின் குழு பிளாஸ்மாவால் நானோ ஊசிகள் அரித்து, அதன் மேல் அணு அடுக்குப் படிவு முறையில் அலுமினியம் ஆக்சைடு பூசியது. அந்தப் பூச்சின் நிலையான எதிர் மின்னூட்டமே சந்தியை, அதாவது எலக்ட்ரானையும் துளையையும் பிரிக்கும் எல்லையை, உண்டாக்கிவிடும். மாசேற்றமே வேண்டாம், அதனால் சேதமும் இல்லை. 2016-இல் 'நேச்சர் ஃபோட்டோனிக்ஸ்' இதழில் வந்த கட்டுரையில் 250 முதல் 950 நானோமீட்டர் வரை 96 விழுக்காட்டுக்கு மேல் குவாண்டம் திறன். இங்கே பெருக்கம் இல்லை, அகச்சிவப்பு நீட்சி இல்லை. ஆனால் விழுந்த ஒளியில் ஏறக்குறைய எல்லாம் குறிகையாகிறது. எல்ஃபிஸ் என்ற நிறுவனம் அந்த ஆய்விலிருந்து பிறந்தது. லேசர் வழியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஆக்ஸிமீட்டருக்கு எதைத் தேர்வீர்கள்? நான் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். 1107-க்கு அப்பால் போக வேண்டுமென்றால் அந்த வழி மூடியிருக்கிறது. அங்கேதான் மிகைமாசேற்றத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஹார்வர்டில் மைக்கேல் அஸீஸ் குழு, அயனிகளைச் செலுத்திப் பின் நானோவினாடி லேசரால் உருக்கும் முறையில் கூம்பே இல்லாத சமதளப் பரப்பில் இதை ஆராய்ந்தது. 2014-இல் தங்கத்தை மிகைமாசேற்றி அறை வெப்பநிலையில் அகச்சிவப்பு மின்னோட்டம் பெற்ற முடிவு 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது.

பட்டியலில் கட்டுரைகளோடு காப்புரிமைகளையும் பாருங்கள். கேரியும் மஸூரும் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 7,057,256 வெளியானது 2006-இல், உரிமையாளர் ஹார்வர்டு. சையோனிக்ஸ் அதன் மீதுதான் நின்றது. மருத்துவப் படிமம் அதன் அறிவிக்கப்பட்ட இலக்குகளில் ஒன்று. பொதுமக்கள் கைக்கு வந்தது 2018-இன் அரோரா என்ற இரவுக் கேமரா. இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். நிலவில்லாத இரவின் வானொளியில் அண்மை அகச்சிவப்பு மிகுதி. அந்தப் பயன்பாட்டுக்கு இந்தச் சில்லு கச்சிதம். ஜப்பானின் ஒளி உணரி நிறுவனமான ஹமமட்ஸுவோடு நடந்த வழக்கும் பதிவில் இருக்கிறது: ரகசிய ஒப்பந்தம் மீறப்பட்டதென்று 2019-இல் ஜூரி முடிவு செய்தது, சர்ச்சைக்குரிய காப்புரிமைகளில் கேரியை இணைக் கண்டுபிடிப்பாளராகச் சேர்க்க உத்தரவானது, 2020 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே ஒருவருடைய பங்களிப்பை அளக்க, கட்டுரைப் பட்டியலோடு கண்டுபிடிப்பாளர் பெயர் திருத்தங்களையும் தேட வேண்டியிருக்கிறது.

நீங்கள் கேட்ட பட்டியலைக் கையில் எடுக்கும்போது முதலில் ஆய்வேட்டைத் தேடுங்கள். கேரியின் 2004 ஹார்வர்டு ஆய்வேடு போன்றவற்றில், கட்டுரையில் ஒரு வரியாகச் சுருங்கிய தோல்விகள் பக்கம் பக்கமாக இருக்கும்: எந்த வெப்பநிலையில் டையோடு டையோடாகவே இல்லை, எந்த வேஃபரில் கசிவு கூடியது என்று. பிறகு ஒவ்வொரு உணர்திறன் எண்ணுக்கும் பக்கத்தில் மின்னழுத்தம், வெப்பநிலை, இருள் மின்னோட்டம், ஒளிபட்ட பரப்பு, விழுந்த ஒளியின் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியது முக்கியம், பொறியால் வரும் பெருக்கம் மங்கலான ஒளியில் பெரிதாகவும் பிரகாசத்தில் சிறிதாகவும் இருக்கும், அதனால் ஒரே டையோடு இரண்டு எண்களைத் தரும். இவற்றில் இரண்டு விடுபட்டிருந்தாலும் அந்த எண்ணை வேறு கட்டுரையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

மருத்துவப் பக்கத்தில், சோதனை எதில் நடந்தது என்று பாருங்கள்: ஒற்றை டையோடிலா, பிக்சல் அணியிலா, திசுவைப் போல ஒளியைச் சிதறடிக்கும் மாதிரிப் பொருளிலா, நோயாளியிலா? சாயம் சார்ந்த வேலை என்றால் வடிகட்டியின் விவரம் கட்டாயம் இருக்க வேண்டும். 800 நானோமீட்டர் தூண்டல் ஒளி, 830-இன் உமிழ்வைவிடப் பல ஆயிரம் மடங்கு வலுவானது. உணரி நன்றாகப் பார்க்கத் தொடங்கினால் கசியும் தூண்டல் ஒளியையும் அதே அளவு நன்றாகப் பார்க்கும். வடிகட்டி மாறாமல் சில்லை மட்டும் மாற்றிவிட்டு மாறுபாடு கூடியதாகச் சொல்லும் படத்தில், சாயமே போடாத மாதிரியின் படம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.